ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம் என்றால் என்ன? சென்னையை வைத்தே ஒரு விளக்கம்

சென்னைப் பல்கலைக்கழகம் 1857 செப்டம்பரில் தொடங்கியது. அதற்குப் பிறகு ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே யாருக்கும் வகுப்பு நடக்கவில்லை. லண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாக வைத்து உருவாக்கிய அமைப்பு அது. மாநிலக் கல்லூரி, கிறித்துவக் கல்லூரி, பச்சையப்பன் கல்லூரி என்று கல்லூரிகள் பாடம் நடத்தும். பல்கலைக்கழகம் பாடத்திட்டம் வகுக்கும், வினாத்தாள் தயாரிக்கும், தேர்வு வைக்கும், பட்டம் கொடுக்கும். சேப்பாக்கத்தில் கடலுக்கு அருகே நிற்கும் செனட் இல்லத்தை 1879இல் கட்டி முடித்தபோது பல்கலைக்கழகத்தின் வேலை என்பதே தேர்வும் பட்டமளிப்பும்தான்.

பல்கலைக்கழகம் என்றதும் நம்மில் பலருக்கு இன்றைக்கும் மனதில் வருவது அந்தப் பழைய மாதிரிதான்: ஹால் டிக்கெட், அரியர், மார்க் ஷீட், கான்வொகேஷன். பிள்ளையைச் சேர்க்கப் போகிற பெற்றோர் கட்-ஆஃப், பிளேஸ்மென்ட், ஹாஸ்டல், ஃபீஸ் எல்லாவற்றையும் துருவித் துருவி விசாரிக்கிறார்கள். "இந்தத் துறையில் என்ன ஆராய்ச்சி நடக்கிறது?" என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. அப்படி ஒரு கேள்வி கேட்கலாம் என்பதையே யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. அந்தக் கேள்வியைப் புரியவைக்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். இருக்கிற அறிவைக் கற்றுத்தருவதோடு, இதுவரை யாருக்கும் தெரியாததைக் கண்டுபிடிப்பதையும் தன் அன்றாட வேலையாக வைத்திருக்கும் பல்கலைக்கழகமே ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம். காலையில் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு வகுப்பெடுக்கும் அதே ஆசிரியர், மதியம் தன் ஆய்வகத்திலோ நூலகத்திலோ விடை தெரியாத ஒரு கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். இரண்டு வேலையும் ஒரே ஆளிடம், ஒரே கூரையின் கீழ் நடக்க வேண்டும் என்பதுதான் இதன் உயிர்நாடி.

இந்த யோசனைக்கு ஒரு பிறந்த ஊர் உண்டு. 1810இல் பெர்லினில் ஒரு பல்கலைக்கழகம் திறந்தார்கள். அதற்குத் திட்டம் வகுத்தவர் வில்ஹெல்ம் வான் ஹம்போல்ட். பள்ளிக்கூடம் முடிந்துபோன அறிவைக் கற்றுத்தரும், பல்கலைக்கழகமோ அறிவை இன்னும் தீராத கணக்காகவே நடத்த வேண்டும் என்பது அவர் வாதம். ஆசிரியர் மாணவருக்காக இருக்கிறார் என்பதைவிட, இருவருமே அறிவுக்காக இருக்கிறார்கள் என்று அவர் நினைத்தார். சில ஆண்டுகளில், கீசென் என்ற சிறிய ஜெர்மன் ஊரில் லீபிக் என்ற வேதியியலாளர் மாணவர்களை ஆய்வகத்துக்குள்ளேயே நிறுத்தி, கையால் செய்து கற்கும் முறையைக் கொண்டுவந்தார். அமெரிக்காவில் 1876இல் தொடங்கிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் இந்த ஜெர்மன் முறையை அப்படியே எடுத்துக்கொண்டது. அப்புறம் உலகெங்கும் பரவியது. வரலாறு இவ்வளவு போதும். சென்னையில் இது எப்படி முளைத்தது என்பதுதான் எனக்குச் சுவையான பகுதி.

ஒரே பல்கலைக்கழகத்தின் இரண்டு முகங்கள்

கணிதமேதை ராமானுஜன் கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதைப் பல்கலைக்கழகத்தின் பக்கமிருந்து ஒருமுறை பார்க்க வேண்டும். பச்சையப்பன் கல்லூரியில் படித்து, 1906இல் எஃப்.ஏ. என்ற, பட்டப்படிப்புக்கு முந்தைய தேர்வை எழுதித் தோற்றார். அடுத்த ஆண்டு தனித்தேர்வராக எழுதினார், மறுபடியும் தோல்வி. கணக்கில் குறையில்லை, மற்றப் பாடங்கள் கவிழ்த்துவிட்டன. அந்தத் தேர்வை நடத்தியது சென்னைப் பல்கலைக்கழகம். விதிப்படி பார்த்தால் அதில் தவறும் இல்லை. எல்லாப் பாடத்திலும் தேற வேண்டும், அவர் தேறவில்லை.

பிறகு 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா வேலை. 1913 பிப்ரவரியில், வானிலைத் துறைத் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர் என்ற கணிதவியலாளர் துறைமுகத்துக்கு வந்தபோது ராமானுஜனின் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தார். உடனே பல்கலைக்கழகப் பதிவாளருக்குக் கடிதம் எழுதினார். ராமானுஜன் எழுதியிருந்த கடிதத்துக்குக் கேம்பிரிட்ஜிலிருந்து கணிதவியலாளர் ஹார்டியின் பதிலும் அதே நாட்களில் வந்து சேர்ந்தது. பல்கலைக்கழகத்தின் கணிதப் பாடக்குழு கூடியது. ஆராய்ச்சி உதவித்தொகை பெறப் பட்டம் வேண்டும். ராமானுஜனிடம் எஃப்.ஏ. கூட இல்லை. இருந்தும் மாதம் 75 ரூபாய், இரண்டு ஆண்டுகளுக்கு என்று கொடுத்தார்கள். நிபந்தனை ஒன்றே ஒன்று: மூன்று மாதத்துக்கு ஒருமுறை, என்ன கண்டுபிடித்தீர்கள் என்று ஓர் அறிக்கை தர வேண்டும்.

இந்த இடத்தில்தான் வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. தேர்வு நடத்தும் பல்கலைக்கழகம் "நாங்கள் கேட்டதற்கு உனக்கு விடை தெரியுமா?" என்று கேட்டது. ஆராய்ச்சிப் பல்கலைக்கழகமாக மாறத் தொடங்கிய அதே நிறுவனம், ஆறேழு ஆண்டு கழித்து, "நீ என்ன கேட்டுக்கொண்டிருக்கிறாய்?" என்று கேட்டது. ஆள் மாறவில்லை, ஊர் மாறவில்லை. கேள்விதான் மாறியது. 1914இல் அவர் இங்கிலாந்துக்குக் கப்பலேறியபோது ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகை கொடுத்ததும் சென்னைப் பல்கலைக்கழகம்தான்.

இதன் விளைவு எவ்வளவு தூரம் போனது பாருங்கள். ஊருக்குத் திரும்பி, உடம்பு முடியாமல் கிடந்த 1920 ஜனவரியில், 'மாக் தீட்டா' என்ற புதுவகைக் கணிதச் சார்புகளைப் பற்றி ஹார்டிக்கு எழுதினார். அந்த ஏப்ரலில் சேத்துப்பட்டில் இறந்துபோனார். மனைவி ஜானகி அம்மாள் கொடுத்த காகிதங்களைப் பல்கலைக்கழகம் பத்திரமாக 1923இல் ஹார்டிக்கு அனுப்பியது. அவற்றில் ஒரு கட்டு கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் கேட்பாரற்றுக் கிடந்து, 1976இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற கணிதவியலாளர் கண்ணில் பட்டது. இன்று அதே மாக் தீட்டா சார்புகளைக் கருந்துளைகளை ஆராய்பவர்கள் பயன்படுத்துகிறார்கள். 75 ரூபாய்க்கு என்ன பலன் என்று 1913இல் யாராவது கேட்டிருந்தால் ஒருவராலும் பதில் சொல்லியிருக்க முடியாது.

மாணவர்கள் கொண்டுவந்த கிராமங்கள்

ஆராய்ச்சி என்றால் மேதைகளுக்கு மட்டும் என்று தோன்றிவிடக் கூடாது. அதே காலத்தில் சென்னையில் நடந்த இன்னொன்றைச் சொல்கிறேன். எனக்கு இது ராமானுஜன் கதைக்குச் சற்றும் குறைந்ததல்ல.

1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியராக கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர் வந்தார். ஆங்கிலேயப் பொருளாதாரப் புத்தகங்களை வைத்துத் தென்னிந்தியாவை விளக்க முடியாது என்பது அவருக்கு விரைவிலேயே புரிந்தது. என்ன செய்தார்? மாணவர்களில் பலரும் கிராமத்திலிருந்து வந்தவர்கள். ஒரு வினாப்பட்டியலைத் தயாரித்துக் கையில் கொடுத்து, விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது சொந்த ஊரைப் பற்றி விசாரித்து எழுதி வரச் சொன்னார். நிலம் யாரிடம் இருக்கிறது, கூலி எவ்வளவு, கடன் யாரிடம், பாசனம் எப்படி என்றெல்லாம் மாணவர்கள் கேட்டு எழுதினார்கள். தங்கள் ஊர்தான், சிறுவயதிலிருந்து தெரிந்த தெருதான். அதை முதல்முறையாகக் கேள்வியோடு பார்த்தார்கள். இருவேல்பட்டு, தூசி, கங்கைகொண்டான், வடமலைபுரம் போன்ற ஊர்களின் கணக்கு இப்படித்தான் சேர்ந்து, 1918இல் நூலாக வந்தது.

அதோடு முடியவில்லை. 1930களில் அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் அந்தக் கிராமங்களுக்குத் திரும்பப் போய் மறுபடி கணக்கெடுத்தார்கள். அதற்குப் பிறகும் பல தலைமுறை ஆய்வாளர்கள் போயிருக்கிறார்கள். ஒரு தமிழ்க் கிராமத்தில் நூறு ஆண்டுகளில் நிலமும் கூலியும் சாதியும் எப்படி மாறின என்று பேச இன்று யாராவது ஆதாரம் தேடினால், அதன் தொடக்கம் அந்த விடுமுறை விசாரணையில் இருக்கிறது.

கற்றலும் கண்டுபிடித்தலும் ஒன்றாக நடப்பது என்று மேலே சொன்னேனே, அதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. ஸ்லேட்டரின் மாணவர்கள் பொருளாதாரம் கற்றார்கள், கற்கும்போதே உலகத்துக்கு இல்லாத ஒரு தகவலைக் கொடுத்தார்கள். இரண்டும் ஒரே செயல்.

பிஎச்.டி. எப்படி நடக்கிறது

ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்தின் முதுகெலும்பு பேராசிரியர்கள் என்று நினைப்போம். அன்றாட வேலையில் பெரும்பகுதியைத் தாங்குபவர்கள் ஆய்வு மாணவர்கள், அதாவது ஸ்காலர்கள். முதுகலை முடித்து, நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதி, ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி. கிடைக்காதவர்கள் வேறு உதவித்தொகையிலோ, பகுதிநேர வேலையிலோ, குடும்பத்தின் தயவிலோ ஓட்டுகிறார்கள். ஒரு கைடு, மேற்பார்வைக்கு ஒரு டாக்டரல் கமிட்டி, ஆரம்பத்தில் கொஞ்சம் கோர்ஸ் வொர்க். குறைந்தது மூன்று ஆண்டு, பெரும்பாலும் ஐந்தாறு ஆண்டு ஆகிவிடும்.

இந்த ஆண்டுகளில் நடப்பதில் பெரும்பகுதி வெளியே தெரியாது. ஒரே சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்வது, ஆவணக் காப்பகத்தில் தூசி படிந்த கட்டுகளைப் புரட்டுவது, எழுதியதை கைடு சிவப்பு மையால் அடித்துத் தருவது. கட்டுரையை ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினால், அதே துறையில் உள்ள முகம் தெரியாத இரண்டு மூன்று பேர் படித்து ஓட்டைகளைச் சுட்டிக்காட்டுவார்கள். "இந்த முடிவுக்கு இந்த ஆதாரம் போதாது" என்பார்கள். திருத்தி மறுபடி அனுப்ப வேண்டும். எரிச்சலூட்டும் வேலைதான். ஆனால் ஆராய்ச்சி முடிவை நாம் நம்பலாம் என்பதற்கு இருக்கும் முதல் காவல் இதுவே.

கடைசியில் வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. இது யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கக்கூடிய தேர்வு என்பது பலருக்குத் தெரியாது. தேதி, இடம், தலைப்பு போட்டு அறிவிப்பு வரும், விருப்பமுள்ளவர்கள் போய் உட்காரலாம். துறையின் கருத்தரங்கக் கூடத்தில் பத்து முப்பது பேர். முன்வரிசையில் ஸ்காலரின் அப்பா அம்மா, ஊரிலிருந்து வந்த மாமா, மடியில் தூங்கும் குழந்தை. ஸ்காலர் படபடப்போடு திரையில் ஒவ்வொரு படமாக விளக்குவார். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஆய்வேட்டில் ஒட்டிவைத்த குறிப்புச் சீட்டுகளைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்பார்: "137ஆம் பக்கத்தில் இப்படிச் சொல்கிறீர்கள், இந்த மாதிரியை எங்கிருந்து எடுத்தீர்கள்?" அப்புறம் அவையைப் பார்த்து யாருக்காவது கேள்வி இருக்கிறதா என்பார்கள். யார் வேண்டுமானாலும் கேட்கலாம், ஸ்காலர் பதில் சொல்லியே ஆக வேண்டும். பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன் என்று தேர்வாளர் சொன்னதும் கைதட்டல். பிறகு டீ, வடை, போட்டோ. அறிவைப் பொதுவில் வைத்துக் கேள்விக்கு உட்படுத்தும் இந்த வழக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன். பட்டமளிப்பு விழாவின் அங்கியையும் தொப்பியையும்விடப் பல்கலைக்கழகம் என்றால் என்ன என்பதை இந்த அறைதான் காட்டுகிறது.

சர்தார் படேல் சாலை

கிண்டியிலிருந்து மத்திய கைலாஷ் நோக்கிப் பேருந்தில் போகிறவர்கள் சர்தார் படேல் சாலையில் பதினைந்து நிமிடம் நெரிசலில் நின்றிருப்பீர்கள். ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் ஒருபுறம் அண்ணா பல்கலைக்கழகம். அதன் கிண்டிப் பொறியியல் கல்லூரி 1794இல் ஒரு நில அளவைப் பள்ளியாகப் பிறந்தது. அதை ஒட்டிச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகம். பக்கத்திலேயே சி.எல்.ஆர்.ஐ. எனப்படும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம். சாலையின் மறுபுறம் காட்டுக்குள் ஐஐடி. கொஞ்சம் தள்ளி அடையாறு புற்றுநோய் மையம், தரமணியில் கணித அறிவியல் நிறுவனம். உலகத்தில் இப்படி ஒரு சாலை எந்த ஊருக்கு வாய்த்தாலும் அந்த ஊர் பெருமைப்படலாம்.

இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் என்ன பயன்? ஜி.என். ராமச்சந்திரனைக் கேட்டால் தெரியும். துணைவேந்தர் ஆ. லட்சுமணசாமி முதலியார் அழைத்து, 1952இல் முப்பது வயதில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியராக வந்தார். கிண்டி வளாகத்தில் எக்ஸ்-கதிர்ப் படிகவியல் ஆய்வகம் அமைத்தார், அதாவது ஒரு பொருளுக்குள் அணுக்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்று எக்ஸ்-கதிரால் பார்க்கும் ஆய்வகம். அப்போது சென்னைக்கு வந்த ஜே.டி. பெர்னால் என்ற அறிவியலாளர், கொலாஜன் என்ற புரதத்தின் வடிவம் இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். நம் உடம்பில் மிக அதிகமாக இருக்கும் புரதம் அது. தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றுக்கும் உறுதி தருவது. கொலாஜன் எங்கே கிடைக்கும்? பதனிடும் தோல் என்பதே பெரும்பாலும் கொலாஜன்தானே! தோல் ஆராய்ச்சி நிறுவனம் பக்கத்திலேயே இருந்தது. அங்கிருந்து மாதிரிகள் வந்தன, கங்காரு வால் தசைநாண் உட்பட. ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் அதன் எக்ஸ்-கதிர்ப் படங்களை வைத்து, மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றிய முறுக்கு வடிவம் கொலாஜனுக்கு என்று 1954, 1955 ஆண்டுகளில் 'நேச்சர்' ஆய்விதழில் எழுதினார்கள். பூ கட்டும் நாரை மூன்று பிரியாகத் திரித்தால் எப்படி இருக்குமோ அப்படி.

அதைவிடப் பெரியது அடுத்து வந்தது. மேலைநாட்டு ஆய்வாளர்கள் சிலர், உங்கள் வடிவத்தில் அணுக்கள் மிக நெருக்கமாக இருக்கின்றன, அவ்வளவு நெருங்க முடியாது என்று குறை சொன்னார்கள். ராமச்சந்திரன் அந்த விமர்சனத்தையே ஆராய்ச்சிக் கேள்வியாக எடுத்துக்கொண்டார்: அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம்? புரதம் என்பது அமினோ அமிலங்களின் சங்கிலி. ஒவ்வொரு கண்ணியிலும் திரும்பக்கூடிய இணைப்புகள் இரண்டு முக்கியமானவை. அவை எந்தக் கோணத்தில் வேண்டுமானாலும் திரும்பிவிட முடியாது, அணுக்கள் மோதும். மோதாமல் இருக்கும் கோணங்கள் எவை? பெரிய கணினி ஏதும் இல்லாத காலம். சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகிய இருவரோடும் சேர்ந்து கையாலும் மேசைக் கணிப்பானாலும் கணக்குப் போட்டு, 1963இல் ஒரு வரைபடம் வெளியிட்டார். இணைப்புகள் திரும்பக்கூடிய இடம் அதில் சில தீவுகள் மாதிரி தெரியும், மிச்சமெல்லாம் வெற்றிடம்.

ராமச்சந்திரன் வரைபடம் என்ற பெயரில் அது இன்று உலகம் முழுக்க உயிர்வேதியியல் பாடத்தில் இருக்கிறது. ஒரு மருந்துக்காகவோ நோய்க்கிருமியைப் புரிந்துகொள்ளவோ ஒரு புரதத்தின் வடிவத்தை யாராவது கண்டறிந்தால், அது சரிதானா என்று பார்க்க முதலில் இந்த வரைபடத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். டோக்கியோவிலும் பாஸ்டனிலும் உட்கார்ந்திருப்பவர்கள் கிண்டியில் போட்ட கணக்கை ஒவ்வொரு நாளும் தொடுகிறார்கள். ஒரு பல்கலைக்கழகம் உலகத்தின் மீது செலுத்தும் செல்வாக்கு என்று நான் சொல்வது இதைத்தான். விளம்பரம் இல்லை, பெயர்ப்பலகை இல்லை. ஆனால் அது இல்லாமல் வேலை நடக்காது.

நிறுவனம் வேறு, பல்கலைக்கழகம் வேறு

இங்கே ஒரு சந்தேகம் வரலாம். சி.எல்.ஆர்.ஐ.யும் ஆராய்ச்சி செய்கிறது, அது பல்கலைக்கழகமா? இல்லை. ஆராய்ச்சி நிறுவனத்துக்கு ஒரு குறிப்பிட்ட பணி இருக்கும். சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காசநோயாளியைச் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வைக்க வேண்டியதில்லை, மருந்தை ஒழுங்காகக் கொடுத்தால் வீட்டில் இருந்தபடியே குணமாகும் என்று அந்த மையம் 1959இல் காட்டியது. உலகமெங்கும் காசநோய் சிகிச்சையின் முறையையே அது மாற்றியது. மகத்தான வேலை. ஆனால் அங்கே இளங்கலை வகுப்பு கிடையாது, வரலாற்றுத் துறை கிடையாது, தமிழ்த் துறை கிடையாது.

பல்கலைக்கழகத்தில் எல்லாம் கலந்து கிடக்கும். இயற்பியல்காரர் கேண்டீனில் மொழியியல்காரரைப் பார்ப்பார். பதினெட்டு வயதுப் பையன் வகுப்பில் கேட்கும் அசட்டுக் கேள்வி பேராசிரியரைத் தூங்கவிடாமல் செய்யும். நம் நாட்டில் விடுதலைக்குப் பின் ஆராய்ச்சிப் பணத்தின் பெரும்பகுதி தேசிய ஆய்வுக்கூடங்களுக்குப் போனது, மாநிலப் பல்கலைக்கழகங்களுக்குத் தேர்வும் இணைப்புக் கல்லூரிகளும் மிஞ்சின. ஆய்வுக்கூடங்கள் தேவைதான். ஆனாலும் சிறந்த ஆராய்ச்சியாளர்களை மாணவர்களிடமிருந்து பிரித்ததில் நாம் நிறைய இழந்தோம் என்பது என் உறுதியான எண்ணம்.

செல்வாக்கு எந்த வழியாகப் பரவுகிறது

ஆய்வுக் கட்டுரை ஒரு வழி. ஆட்கள் இன்னொரு வழி, அதுவே பெரிது. மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகர் சிகாகோ பல்கலைக்கழகத்தில் வாழ்நாளெல்லாம் ஆராய்ந்து 1983இல் நோபல் பெற்றார். அதே கல்லூரியில் படித்த எஸ்.ஆர்.எஸ். வரதன் நியூயார்க்கில் இருந்து 2007இல் கணிதத்துக்கான ஏபெல் பரிசு பெற்றார்.

தொழில் மூன்றாவது வழி. தரமணியில் 2010இல் திறந்த ஐஐடி ஆராய்ச்சிப் பூங்காவில் நிறுவனங்களும் பேராசிரியர்களும் அடுத்தடுத்த தளங்களில் இருக்கிறார்கள். ஐஐடியில் வளர்ந்த அக்னிகுல் நிறுவனம், ஒரே துண்டாக முப்பரிமாண அச்சில் எடுத்த எஞ்சினோடு 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் விட்டது. செய்தியில் ராக்கெட் வந்தது. அதற்குப் பின்னால் எரிதல் பற்றி ஆண்டுக்கணக்கில் நடந்த ஆய்வு இருக்கிறது.

காசாக்காமல் விடுவதும் ஒரு வழி. 1921இல் டொரன்டோ பல்கலைக்கழகத்தில் இன்சுலினைப் பிரித்தெடுத்தவர்கள், காப்புரிமையைப் பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டாலருக்கு எழுதிக்கொடுத்தார்கள். நம் வீடுகளில் ஃபிரிட்ஜில் இன்சுலின் பேனா இருக்கிறதே, அதன் மூலம் அந்த ஆய்வகம்.

அறிவியலோடு இது நின்றுவிடுவதில்லை. தமிழில் ஒரு பழைய சொல்லுக்குப் பொருள் தேடி இணையத்தில் போனவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியில் வந்து நின்றிருப்பீர்கள். 1913இல் தொடங்கிய வேலை. எஸ். வையாபுரிப் பிள்ளை 1926இல் பதிப்பாசிரியர் ஆனார். 1936இல் ஆறு தொகுதிகளும் முடிந்தன, 1939இல் அனுபந்தம் வந்தது. லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள், ஒவ்வொன்றுக்கும் எந்த இலக்கியத்தில் எந்த இடத்தில் வருகிறது என்ற சான்று. ஓலைச்சுவடியையும் அச்சு நூலையும் ஒப்பிட்டு, வட்டாரச் சொல்லையும் விடாமல் சேர்த்த உழைப்பு அது. ஒரு வணிகப் பதிப்பகம் கால் நூற்றாண்டு லாபமில்லாமல் காத்திருக்காது. பல்கலைக்கழகம் காத்திருந்தது. இன்று அந்த அகராதியை இணையத்தில் தேடும் வசதியோடு வைத்திருப்பது சிகாகோ பல்கலைக்கழகம். சேப்பாக்கத்தில் தொகுத்ததைச் சிகாகோ காப்பாற்ற, மதுரையில் ஒரு மாணவி போனில் பார்க்கிறாள்.

ஹார்வர்டு தமிழ் இருக்கைக்குப் பணம் கொடுத்தவர்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கலாம். இருக்கை என்றால் என்ன? தேவையான 60 லட்சம் டாலரை ஒரு வைப்புநிதியாகப் போடுகிறார்கள். தமிழ்நாடு அரசும் அதில் 10 கோடி ரூபாய் கொடுத்தது. முதலைத் தொடுவதில்லை. அதிலிருந்து வரும் வருமானத்தில் ஒரு தமிழ்ப் பேராசிரியர் இருப்பார், அவர் ஓய்வுபெற்றால் இன்னொருவர், அப்படியே தலைமுறை தலைமுறையாக. யார் ஆட்சியில் இருந்தாலும், அந்த ஆண்டு எத்தனை பேர் சேர்ந்தாலும் அந்த இடம் காலியாகாது. நீண்ட காலத்துக்கு யோசிக்கும் சுதந்திரத்தைப் பணத்தால் உறுதிசெய்யும் ஏற்பாடு இது.

எங்கே தடுமாறுகிறது

இந்தச் சுதந்திரம் எளிதில் பறிபோகும். கட்டுரைகளின் எண்ணிக்கையை வைத்துப் பதவி உயர்வு என்றால், காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலி ஆய்விதழ்கள் பெருகும். பெருகியும் இருக்கின்றன. தரவரிசை வந்ததும் எல்லோரும் எண்ணைத்தான் பார்க்கிறார்கள். ஐஐடி மெட்ராஸ் தேசியத் தரவரிசையில் 2019 முதல் தொடர்ந்து முதலிடத்தில் இருப்பது மகிழ்ச்சியான செய்தி. ஆனால் 1913இல் இப்படி ஒரு பட்டியல் இருந்திருந்தால் ராமானுஜனுக்குக் கொடுத்த 75 ரூபாய் எந்தக் கட்டத்திலும் ஏறியிருக்காது.

பெரிய பல்கலைக்கழகங்களும் தவறுகின்றன. பென்சில்வேனியா பல்கலைக்கழகம் 1995இல் காட்டலின் கரிகோவைப் பதவி இறக்கியது. எந்தப் புரதத்தைச் செய்ய வேண்டும் என்று செல்லுக்குச் சொல்லும் எம்.ஆர்.என்.ஏ. என்ற மூலக்கூறு பற்றிய அவருடைய ஆராய்ச்சிக்கு நிதி கிடைக்கவில்லை என்பது காரணம். அவர் விடவில்லை, ட்ரூ வைஸ்மனோடு சேர்ந்து 2005இல் முக்கியமான கட்டுரையை வெளியிட்டார். கொரோனா தடுப்பூசிகள் சில அதன் மேல்தான் எழுந்தன. 2023இல் இருவருக்கும் நோபல்.

நம் பக்கத்தில் கவலை வேறு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் நிதி நெருக்கடியும், துணைவேந்தர் இல்லாமல் இருந்த நிலையும் அண்மை ஆண்டுகளில் செய்தியாகிக்கொண்டே இருந்தன. வையாபுரிப் பிள்ளையும் ராமச்சந்திரனும் வேலை செய்த இடம் அது. ஓய்வுபெற்ற பேராசிரியரின் இடம் நிரப்பப்படாமல் போனால் ஒரு சம்பளம் மிச்சம் என்று கணக்கு எழுதலாம். அவரோடு அவர் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியும், அதைக் கேட்கப் பழகியிருக்கக்கூடிய மாணவர்களும் போய்விடுகிறார்கள் என்பது எந்தக் கணக்கிலும் வராது. இது எனக்கு மனவேதனை தருகிற விஷயம்.

நீங்களே பார்ப்பது எப்படி

ஒரு பல்கலைக்கழகம் உண்மையில் ஆராய்ச்சி செய்கிறதா என்று தெரிந்துகொள்ள நிபுணராக இருக்க வேண்டியதில்லை. ஷோத்கங்கா என்ற இணையதளத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் லட்சக்கணக்கான ஆய்வேடுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. சேர நினைக்கும் பல்கலைக்கழகத்தின் பெயரையும் துறையையும் போட்டுத் தேடுங்கள். கடைசி ஐந்தாறு ஆண்டுகளில் வந்த தலைப்புகளை வாசியுங்கள். புரியாவிட்டாலும் பரவாயில்லை. தலைப்புகளில் ஒரு தொடர்ச்சி இருக்கிறதா, ஒரு கேள்வியை விடாமல் துரத்துகிறார்களா, அல்லது ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி ஒரே தலைப்பு திரும்பத் திரும்ப வருகிறதா என்பது யாருக்கும் தெரிந்துவிடும்.

துறைக்கு நேரில் போகும்போது பிளேஸ்மென்ட் பற்றிக் கேளுங்கள், அது நியாயமான கேள்வி. அதோடு இன்னும் இரண்டு கேளுங்கள். முதல் ஆண்டு வகுப்பை எடுக்கும் ஆசிரியர்கள் ஆராய்ச்சியும் செய்கிறார்களா? இளங்கலை மாணவர் ஆய்வகத்துக்குள் போய்க் கூடமாட வேலை செய்ய முடியுமா? பதில் சொல்பவர் எழுந்து, "வாங்க, காட்டுறேன்" என்று கூட்டிக்கொண்டு போனால் தயங்காமல் பின்னாலேயே போங்கள். அறிவிப்புப் பலகையில் அடுத்த வைவா தேதி ஒட்டியிருந்தால் குறித்துக்கொண்டு, பிளஸ் டூ படிக்கும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள்.